வீட்டுக்குள்ளே சேகண்டி

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



மேசைமேல் இருக்கிற இந்தக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வரும்போதே ரெண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தர், "என்ன தோழர், உண்டியல் வசூலா?" என்று கேட்டார். உண்டியல் இல்லை. போகும்போது யாராவது காசு போட்டால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

போன மாசம் நம் தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, காலையில் வங்கிக்குப் போவதற்கு முன்னால் இருபது நிமிஷம் கிண்ணத்தைத் தட்டிக் கேட்டுக்கொண்டு உட்கார்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "கவிஞர் சாமியாராயிட்டார்", "நடுத்தர வர்க்கச் சொகுசு", "பார்ப்பனியம் பின்வாசல் வழியா வந்துடுச்சு" என்று மூணு தீர்ப்பு ஒரே நேரத்தில் வந்தது. சரி, இதையே பேசுகிறேன், கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்பு எழுதுங்கள் என்றேன். அதனால்தான் இன்றைக்கு இந்தத் தலைப்பு.

ஆனால் முதல் தீர்ப்பைச் சொன்னது தோழர்கள் இல்லை. எங்கம்மா.

கிண்ணத்தை வாங்கிவந்த முதல் நாள் விடியற்காலை தட்டினேன். சமையல்கட்டிலிருந்து அம்மா ஓடிவந்தது. "டே, யாருடா செத்தது?" என்று கேட்டது. யாரும் சாகலம்மா, தியானம் என்றேன். அது கிண்ணத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "உங்க தாத்தன் ஊரான் வூட்டுப் பொணத்துக்கு அடிச்ச சேகண்டிய நீ நடுவூட்ல வச்சு அடிக்கிறியா? இதுக்குத்தான் காலேஜுக்கு அனுப்புனனா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. ரெண்டு நாள் பேசவில்லை.

எங்கம்மா சொன்னதில் ஒரு எழுத்து பொய் கிடையாது. என் தாத்தா ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் சங்கு ஊதி சேகண்டி அடித்தவர். நீங்களும் பார்த்திருப்பீர்கள்: வட்டமான கனத்த வெண்கலத் தட்டு, ஓரத்தில் ஓட்டை, ஓட்டையில் கயிறு, இடது கையில் தூக்கிப் பிடித்து வலது கையில் கட்டையால் அடிப்பது. சேமக்கலம் என்றும் சொல்வார்கள். பெருமாளைக் கும்பிடுகிற தாசர்கள் தெருவில் அடித்துக்கொண்டு வந்தால் அதே தட்டு புண்ணியம். தாத்தா கையில் இருந்தால் சாவு. மழையோ காய்ச்சலோ, ஆள் வந்து தெருமுனையில் நின்று கூப்பிட்டால் போயாகவேண்டும். கூலி ஒரு மரக்கால் நெல்லும் பொணத்துமேல் கிடந்த வேட்டியும். அப்பா தலைமுறையில் எங்கள் காலனியில் கூடிப் பேசி இனிமேல் சாவு வேலைக்குப் போவதில்லை என்று நிறுத்தினார்கள். பறையைக் கிழித்து நெருப்பில் போட்டார்கள். சேகண்டியை யாரும் எரிக்க முடியாதே. அது பரணில் கிடந்தது. பிற்பாடு அம்மா அதைப் பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கியது. அந்தக் குடம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அப்படி ஒழித்துக்கட்டிய சத்தத்தை 1,850 ரூபாய் கொடுத்து நான் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்தால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியும் குழுவோடு போனேன். குழுவில் கையெழுத்து நன்றாக இருப்பவன் என்று வாக்குமூலம் எழுதுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வங்கி குமாஸ்தாவுக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள். பதினோரு பேர் சொன்னதை எழுதினேன். திரும்பி வந்தபிறகு மூணு மாசம் தூக்கம் இல்லை. கவுன்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணும்போது எண்ணிக்கை தவறியது. அதில் ஒரு நாள் கையிருப்பில் குறைவு வந்து என் சம்பளத்திலிருந்து கட்டினேன். டாக்டரிடம் போனேன். மாத்திரை கொடுத்தார், சாப்பிட்டேன், கொஞ்சம் தூக்கம் வந்தது. கூடவே, தினம் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காரப் பழகுங்கள் என்றார். கண்ணை மூடி உட்கார்ந்தால் அந்தப் பதினோரு குரலும் கேட்டது. மூச்சைக் கவனி என்றார்கள், மூச்சே பிடிபடவில்லை. அப்போதுதான் ஒரு நண்பர், "உள்ளே பிடிக்க முடியலன்னா வெளியே ஒரு சத்தத்தைப் பிடிச்சுக்க" என்று சொல்லி அவருடைய கிண்ணத்தைத் தட்டிக் காட்டினார். சத்தம் எழுந்தது, மெலிந்தது, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. அந்த முக்கால் நிமிஷம் எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

இனி இந்தக் கிண்ணம் என்ன சாமான் என்று பார்ப்போம். கடையில் இதற்கு 'திபெத்தியப் பாடும் கிண்ணம்' என்று பெயர். ஆயிரக்கணக்கான ஆண்டு ரகசியம், ஏழு உலோகம், ஏழு கிரகம், ஏழு சக்கரம் என்று ஒரு துண்டுச்சீட்டும் கூடவே தருகிறார்கள். திபெத்திய மடங்களின் சடங்குகளில் கைமணி உண்டு, தாளம் உண்டு, பெரிய கொம்பு உண்டு. கிண்ணத்தைத் தேய்த்துத் தியானம் செய்ததற்கு உறுதியான பழைய சான்று கிடையாது. இமயமலைப் பக்கத்து வீடுகளில் சோறும் தானியமும் போட்டு வைக்கிற பாத்திரம்தான் இது. 1972-இல் ஹென்றி உல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் என்ற இருவர் 'திபெத்தன் பெல்ஸ்' என்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். மேற்கே கிண்ண மோகம் பரவியதில் அந்த இசைத்தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு நம்மூர் அங்காடிக்கு வருவது அந்த மோகத்தின் மிச்சம்.

உலோகம் ஏழும் இல்லை, எட்டும் இல்லை. நல்ல கிண்ணம் என்றால் வெண்கலம். செம்பு ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு, சமயத்தில் கொஞ்சம் கூட. இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். பழுக்கக் காய்ச்சித்தான் தட்டமுடியும், தட்டி முடித்துத் தண்ணீரில் முக்கவேண்டும். இந்த வித்தையை யாரும் மலை தாண்டி வந்து நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டிலும் நீலகிரிக் கல்லறைகளிலும் கிடைத்த இரும்புக்காலக் கிண்ணங்களை உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் சோதித்துப் பார்த்திருக்கிறார். அவற்றில் இதே மாதிரி வெள்ளீயம் மிகுந்த வெண்கலம், இதே மாதிரி காய்ச்சித் தட்டி முக்கிய வேலைப்பாடு இருந்திருக்கிறது. நம் ஊரில் இதற்குப் பெயர் கும்பா. கூழ் குடிக்கிற வெண்கலக் கும்பா.

கும்பா யார் வீட்டில் இருந்தது என்று கேட்டால் கதை மாறுகிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடை போட்டார்கள். ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். நகை போடக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்கிற வரிசையில் ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. அடுத்த வருஷம் தடைகளைக் கூட்டினார்கள். அதில் ஒன்று, கல்யாணத்திலும் விசேஷத்திலும் மேளதாளம் வைக்கக்கூடாது. உலோகமும் கூடாது, நமக்காக எழுப்புகிற சத்தமும் கூடாது. ஊருக்காக எழுப்புகிற சத்தத்துக்கு மட்டும் தடை இல்லை, அது கட்டாயம். என் தாத்தா வீட்டில் இருந்த ஒரே வெண்கலம் அந்தச் சேகண்டிதான் என்பது எனக்கு ஹட்டனைப் படித்த பிறகுதான் உறைத்தது.

இன்னும் பின்னால் போவோம். சீனத்துப் பிக்கு பாஹியான் 399-இல் புறப்பட்டு நடந்தே இந்தியா வந்தவர். வழியில் கோத்தான் என்ற ஊரில் கோமதி விகாரையில் தங்குகிறார். அங்கே மூவாயிரம் பிக்குகள், மணி ஒலித்தால் சாப்பிட வருகிறார்கள், ஒரு பேச்சில்லை, பாத்திரம் உரசுகிற சத்தம்கூட இல்லை என்று வியந்து எழுதுகிறார். அதே பாஹியான் மதுராவுக்குத் தெற்கே மத்திய தேசத்துக்கு வருகிறார். அங்கே சண்டாளர்கள் ஊருக்கு வெளியே இருக்கிறார்கள், நகரத்துக்குள்ளோ சந்தைக்குள்ளோ வரும்போது ஒரு மரக்கட்டையைத் தட்டிக்கொண்டே வருகிறார்கள், சத்தம் கேட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறார். பாபாசாகேப் அம்பேத்கர் 1948-இல் தீண்டப்படாதோர் பற்றி எழுதிய நூலில் இந்தக் குறிப்பை எடுத்து விவாதிக்கிறார். இது தீண்டாமைக்குச் சான்றாகுமா என்பது அங்கே அவருடைய கேள்வி. எனக்குள் நின்றுபோனது வேறு. ஒரே பயணி, ஒரே பயணம். ஒரு இடத்தில் சத்தம் 'வா' என்கிறது, இன்னொரு இடத்தில் 'விலகு' என்கிறது. ஜப்பானில் ஜென் மடங்களில் இன்றைக்கும் தொங்குகிற மரப்பலகையைச் சுத்தியலால் தட்டித்தான் தியானத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மரம் ஒன்றுதான். தட்டச் சொன்னவன் யார் என்பதில் இருக்கிறது வித்தியாசம்.

துண்டுச்சீட்டில் சொல்லாத இன்னொரு சேதி. கிண்ணம் வருகிற நேபாளத்தில் 1854-ஆம் ஆண்டு முலுக்கி ஐன் என்ற சட்டம் சாதிகளை வரிசைப்படுத்தியது. இரும்படிக்கிற காமி, செருப்புத் தைக்கிற சார்கி, துணி தைத்து மேளம் வாசிக்கிற தமாய் எல்லாரும் தீண்டப்படாதவர்கள் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். தமாய் வாசிக்காமல் அங்கே நல்ல கல்யாணம் கிடையாது. சத்தம் மங்கலம், வாசிக்கிறவன் தீட்டு. நமக்கு விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? மூணாவது வரிசையில் ஒரு தோழர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

கடையில் வாங்குவதானால் தட்டிப் பார்த்து வாங்குங்கள். படம் பார்த்து வாங்காதீர்கள். தட்டிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள், அரை நிமிஷமாவது ஒலி நிற்கவேண்டும். வார்ப்பில் வந்த பளபள பித்தளை பெரும்பாலும் சீக்கிரம் அடங்கிவிடும். இந்தக் கிண்ணத்தில் சுத்தியல் தழும்பு தெரிகிறது பாருங்கள். கையால் தட்டியது எல்லா இடத்திலும் ஒரே தடிப்பாக இருக்காது. அதனால் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் ரெண்டு அதிர்வு சேர்ந்து எழும். அவை கூடியும் விலகியும் போவதால்தான் 'வ்வோம், வ்வோம்' என்று சத்தம் அலை அடிக்கிறது. மூளை அலையைத் திறக்கிற சாவி என்று இதைத்தான் விளம்பரம் செய்கிறார்கள். சுத்தியல் கொஞ்சம் தப்பி விழுந்த இடம், அவ்வளவே. எனக்கு அந்தத் தப்பு பிடிக்கும். கிண்ணம் வாங்க வேண்டும் என்றும் இல்லை. வீட்டில் பழைய வெண்கலக் கும்பா இருந்தால் போதும். கீழே மட்டும் போடாதீர்கள், விரிந்துவிடும்.

கிண்ணத்தைத் தரையில் நேராக வைக்கக்கூடாது, ஒலி செத்துவிடும். கடையில் பட்டு மெத்தை விற்கிறார்கள். நான் அம்மாவின் பழைய புடவையைச் சும்மாடு சுருட்டி அதன்மேல் வைத்திருக்கிறேன். செங்கல் சுமந்த சும்மாடு கிண்ணத்தையும் தாங்கும். துணி சுற்றிய கட்டையால் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கமாக, மெதுவாக ஒரு தட்டு. ஓங்கி அடிக்கவேண்டாம். கண்ணை மூடுங்கள். சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே போங்கள். இனி கேட்கவில்லை என்று தோன்றுகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் கேளுங்கள். பிறகு மூணு மூச்சு. பிறகு மறுபடி ஒரு தட்டு. பத்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். மனசு ஓடும், ஓடட்டும், அடுத்த தட்டுக்குத் திரும்பி வரும். விளிம்பைக் கட்டையால் சுற்றித் தேய்த்துப் பாட வைப்பது வேறு வித்தை. உள்ளங்கையைத் தட்டையாக விரித்து அதன்மேல் கிண்ணத்தை வைத்து, ஒரே அழுத்தத்தில் நிதானமாகச் சுற்றவேண்டும். வில்லுக்கும் பிடில் நரம்புக்கும் நடக்கிற உரசல்தான் இங்கேயும் நடக்கிறது. அவசரப்பட்டால் கறகற என்று கத்தும். எனக்கு வர ஆறு வாரம் ஆனது.

பெரிய சேகண்டி சின்ன வீட்டுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும், நம் காதும் கெடும். கதவில் தொங்கவிடுகிற காற்றுமணி பார்க்க அழகு, தியானத்துக்கு ஒன்றுக்கும் உதவாது என்பது என் அபிப்பிராயம். அது தன் இஷ்டத்துக்கு அடிக்கும், நாம் அதைத் துரத்திக்கொண்டிருப்போம். கைப்பேசியில் மணி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, தப்பில்லை. வியட்நாமியப் பிக்கு திக் நியட் ஹான், 2022-இல் மறைந்தவர், போரை எதிர்த்துப் பேசியதால் நாடு திரும்ப முடியாமல் பிரான்சில் பிளம் வில்லேஜ் என்ற மடத்தை 1982-இல் தொடங்கியவர். அவர் வழியில் மணியை 'அடிப்பது' என்று சொல்லமாட்டார்கள், 'அழைப்பது' என்பார்கள். மணி கேட்டால் கையில் இருக்கிற வேலையை நிறுத்தி மூச்சைக் கவனிப்பார்கள், டெலிபோன் மணி ஒலித்தாலும் அப்படித்தான். எங்கள் வங்கியில் டோக்கன் எந்திரம் நாள் முழுக்க 'டிங் டாங்' என்று அடிக்கும். நான் அதில் முயற்சி செய்து பார்த்தேன். மூணு மூச்சு விடுவதற்குள் வாடிக்கையாளர், "சார் தூங்குறீங்களா?" என்றார்.

இதில் ஒரு வீட்டுக்காரர் கதையும் உண்டு. நாங்கள் வாடகைக்கு மாடியில் இருந்தோம், அவர் கீழே. நான் கிண்ணம் தட்ட ஆரம்பித்த ஒரு வாரத்தில் மேலே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "காலங்காத்தால மணிச்சத்தம் கேக்குது சார். வீட்டுக்கே நல்லது. நீங்க இவ்ளோ ஆசாரம்னு தெரியாம போச்சு" என்றார். அதுவரை எங்களைச் 'சார்' போட்டுக் கூப்பிடாத மனுஷர். வெண்கலச் சத்தம் எனக்கு ஒரு சாதியையே வாங்கிக் கொடுத்துவிட்டது! நாலு மாசம் கழித்துத் தண்ணீர்க் குழாய் பார்க்க உள்ளே வந்தார். கிண்ணம் இருந்த இடத்துக்கு மேலே அண்ணல் படம். ஒரு நிமிஷம் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அடுத்த வாரம் சேதி வந்தது: "காலைல சத்தம் தொந்தரவா இருக்கு, பிள்ளைக்குப் பரீட்சை." அதே கிண்ணம்தான், அதே தட்டுதான். ரெண்டு மாசத்தில் வீடு மாற்றினோம். வேறு வீடு தேடின கதை உங்களுக்குத் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன்.

நோய் தீர்க்கும், செல்லைப் புதுப்பிக்கும் என்கிற விளம்பரங்களை நம்பாதீர்கள். 2017-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 62 பேர் கிண்ண ஒலி கேட்டபிறகு இறுக்கமும் சோர்வும் குறைந்ததாகச் சொன்னார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. சும்மா படுத்திருந்தாலும் குறைந்திருக்குமோ என்னவோ. தூக்கம் கெட்டால், சாகலாம் என்று தோன்றினால், கிண்ணத்திடம் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டபிறகு உட்காருங்கள்.

இனி தோழர்களுடைய தீர்ப்புக்கு வருகிறேன். தியானம் ஆளைத் தனியாக்கிவிடும், போராட்டத்திலிருந்து பிரித்துவிடும் என்பது நியாயமான பயம். அந்தப் பயம் அம்பேத்கருக்கும் இருந்தது. 1957-இல் அவர் மறைவுக்குப் பின் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையிலேயே பிக்கு என்பவர் தன்னைச் செம்மைப்படுத்திக்கொள்கிறவரா, சமூகத் தொண்டரா என்று கேட்கிறார். தன்னை மட்டும் பார்த்துக்கொள்கிற பிக்குவால் பயனில்லை என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் வேலைக்குப் போகிற கை நடுங்காமல் இருக்கவேண்டாமா? இப்போது முதல் தகவல் அறிக்கையை என்னால் கடைசி வரி வரை வாசிக்க முடிகிறது. போன வருஷம் மறுபடி ஒரு ஊருக்குப் போனேன், மறுபடி வாக்குமூலம் எழுதினேன், திரும்பிவந்து தூங்கினேன். அதற்கு முழுக்காரணம் கிண்ணம் என்று சத்தியம் செய்யமாட்டேன். மாத்திரையும் உண்டு, உங்களோடு பேசியதும் உண்டு. அயோத்திதாசர் 1898-இல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியபோது நமக்குக் கேட்டது இழந்துபோன ஒரு மரபை. அந்த மரபில் உட்காருவதும் இருந்தது. உட்கார நேரமும் இடமும் நமக்கு யார் கொடுத்தார்கள்? அதை மேல்சாதிச் சரக்கு என்று நாமே எழுதிக்கொடுத்துவிட வேண்டுமா?

ஒரு தோழர் முன்கூட்டியே சீட்டு அனுப்பியிருக்கிறார்: "பறையை வைத்துத் தியானம் செய்ய முடியாதா?" நல்ல கேள்வி. தோல் தன் அதிர்வைச் சட்டென்று காற்றுக்குக் கொடுத்துவிடும், வெண்கலம் உள்ளேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பறை கேட்டால் கால் எழுந்துகொள்கிறது. எனக்கு ரெண்டும் வேண்டும். சாயந்திரம் பறைக்கு ஆடுகிறவன் காலையில் கிண்ணத்துக்கு உட்காரக்கூடாதா? பறையை எரித்ததும் சரி, தொண்ணூறுகளில் நம் கலைவிழா மேடைகளில் அதை மறுபடி கையில் எடுத்ததும் சரி என்றுதான் நினைக்கிறேன். எரித்தவர்களிடம் போய், நீங்கள் எரித்தது கலை என்று இன்றைக்கு நாம் பாடம் எடுக்கும்போதுதான் கூச்சமாக இருக்கிறது. அம்மாவிடமும் எனக்கு அந்தக் கூச்சம்தான்.

அம்மாவோடு ஒரு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் தட்டக்கூடாது. தெருவில் சாவு விழுந்தால் அன்றைக்கும் மறுநாளும் தட்டக்கூடாது. கிண்ணத்தை அது தொடாது, துடைக்காது, ஆனால் சும்மாடு நைந்துபோனதும் வேறு புடவை கிழித்துக் கொடுத்தது. நான் வெளியூர் போயிருந்த ஒரு நாள், "என்னடா இன்னிக்கு வீடே கம்முனு கெடக்குது" என்று போனில் சொன்னது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

நிறையப் பேசிவிட்டேன். இப்போது மூணு தடவை தட்டுகிறேன். பஸ் சத்தம் வரும், பக்கத்து டீக்கடைப் பாட்டு வரும், வரட்டும். கண்ணை மூடவேண்டும் என்று கட்டாயமில்லை. பிடிக்காதவர்கள் எழுந்து வெளியே போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது. அதற்கப்புறம் கேள்விகளை எடுத்துக்கொள்வோம். அந்த மின்விசிறியை மட்டும் யாராவது நிறுத்துங்கள்.